காலனி: ஒரு சொல்லின் இரண்டு வரலாறுகள்



யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ அந்தத் தோழர் கூட்டங்களில் அதிகம் பேசமாட்டார். யாராவது வரலாறு பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து எழுந்து ஒரே கேள்வியைக் கேட்பார்: "அப்ப நம்ம வளவுக்குத் தண்ணி எங்கிருந்து வந்துச்சு?" ராஜராஜனைப் பற்றிப் பேசினாலும் அதே கேள்விதான். திப்புவைப் பற்றிப் பேசினாலும் அதே கேள்விதான். சிலர் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அந்தக் கேள்வியின் கனம் எனக்குப் பிடிபடப் பல ஆண்டுகள் ஆயின. இன்றைய உரை அதற்கான கடன்.

2025 ஏப்ரல் 29 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில் முதலமைச்சர் ஓர் அறிவிப்பைச் செய்தார். 'காலனி' என்ற சொல் தீண்டாமையின் குறியீடாக மாறிவிட்டதால், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப்புழக்கத்திலிருந்தும் அது நீக்கப்படும் என்றார். நம் பகுதியில் இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பேருந்து நடத்துநர் "காலனி ஸ்டாப்" என்று குரல் கொடுத்தால் இறங்குகிறவர் யார் என்று பேருந்துக்கே தெரியும்.

இதே சொல் பள்ளிக்கூடத்தில் வேறு பொருளில் வருகிறது. இந்தியா பிரிட்டனின் காலனியாக இருந்தது, 1947இல் விடுதலை பெற்றது என்று நம் பிள்ளை படிக்கிறது. படித்துவிட்டுச் சாயங்காலம் காலனிக்கு வருகிறது. ஒரு காலனி முடிந்துபோனது, இன்னொன்று பெயர்ப்பலகையோடு நிற்கிறது. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று பாடநூலும் கேட்பதில்லை, பட்டிமன்றமும் கேட்பதில்லை. மேற்கத்திய அதிகாரத்தைப் பற்றி நம் நாட்டில் நடக்கும் விவாதங்கள் அந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு நம்மிடம் வேறொரு கேள்வியைக் கேட்கின்றன: "நீங்கள் வெள்ளைக்காரன் பக்கமா, நாட்டின் பக்கமா?" இந்தக் கேள்வியைத்தான் இன்று கொஞ்சம் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

சங்ககிரியில் தொடங்குவோம்

இங்கிருந்து சங்ககிரி தூரமில்லை. அந்தக் கோட்டையில் 1805 ஜூலை 31 அன்று தீரன் சின்னமலையைக் கும்பினியார் தூக்கிலிட்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஆடிப் பதினெட்டில் அங்கே கூட்டம் கூடுகிறது, மாலைகள் விழுகின்றன, எல்லாக் கட்சித் தலைவர்களும் வருகிறார்கள். கும்பினியை எதிர்த்து உயிர்விட்டவருக்கு மரியாதை செய்வதில் நமக்கு எந்தத் தடையும் இல்லை.

ஆனால் நினைவு என்பது மாலையோடு முடிவதில்லை. 2015 ஜூனில் திருச்செங்கோட்டு மலைக்கோயிலிலிருந்து கடத்தப்பட்ட நம் இளைஞர், பொறியியல் படித்தவர், பள்ளிபாளையம் அருகே இருப்புப்பாதையில் பிணமாகக் கிடந்தார். பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த அரங்கில் எல்லோருக்கும் தெரியும். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை விதித்தது, 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. முதல் குற்றவாளி நடத்திய பேரவைக்குச் சின்னமலையின் பெயர்தான் இருந்தது. சின்னமலை இதற்குப் பொறுப்பல்ல. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இறந்தவர், தம் பெயரை யார் எடுத்தாள்கிறார்கள் என்று பார்க்க முடியாது. ஆனால் வெள்ளையரை எதிர்த்தவரின் பெயர், பக்கத்து வளவுப் பையனை அச்சுறுத்தும் பெயராக எப்படி மாறுகிறது? அந்நியனை எதிர்த்த வீரத்தை ஒரு சாதியின் சொத்தாக எழுதும்போது மாறுகிறது. வரலாற்று விவாதம் ஏட்டுக்குள் நடப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நம் மக்கள் இதற்குத் தந்த முதல் பதில் பொல்லான். சின்னமலையின் படையில் இருந்த அருந்ததியர் வீரர். காலணிக்குள் ஓலையை மறைத்துவைத்துச் சேதி அனுப்பினார் என்றும், கும்பினியார் அவரைச் சுட்டுக் கொன்றனர் என்றும் நம் பெரியவர்கள் சொல்லி வந்தார்கள். ஏட்டில் இல்லை என்று பலர் கைவிரித்தார்கள். ஏடெழுதும் உரிமை யாரிடம் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. அருந்ததியர் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்தும் கூட்டம் போட்டும் கேட்ட பிறகு, ஈரோடு மாவட்டம் ஜெயராமபுரத்தில் அரசு அவருக்கு நினைவிடம் அமைத்தது. நெல்லையில் ஒண்டிவீரனுக்கும் இப்படித்தான் போராடி இடம் வாங்கினோம்.

இந்த வெற்றிகள் தேவையானவை. ஆனாலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. "நாங்களும் வெள்ளையனை எதிர்த்தோம்" என்று நிரூபித்தால்தான் இந்த மண்ணில் நமக்கு மதிப்பு என்ற விதியை யார் போட்டார்கள்? அந்தத் தேர்வில் நாம் தேறலாம். ஆனால் வினாத்தாள் நம்முடையதாக இல்லையே.

1792: பட்டா யாருக்கு?

நம் தோழரின் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் 1805ஐவிட 1792 நமக்கு முக்கியமான ஆண்டு. சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் கும்பினிக்கு விட்டுக்கொடுத்தார். அலெக்சாண்டர் ரீடு என்ற இராணுவ அதிகாரி நிர்வாகத்துக்கு வந்தார். அவருடைய உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ, பின்னாளில் சென்னை மாகாண ஆளுநர். வயல் வயலாக அளந்து, தீர்வை நிர்ணயித்து, தீர்வை கட்டுகிறவர் பெயரில் பதியும் இரயத்துவாரி முறை இந்தச் சமவெளியில்தான் உருவெடுத்தது. பின்னர் அது மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் போனது.

மன்றோவை உழவரின் நண்பர் என்று புகழ்ந்த நூல்கள் உண்டு. வரியால் நாட்டைப் பிழிந்தவர் என்று இகழ்ந்தவர்களும் உண்டு. இரு தரப்பும் பேசுவது பட்டாதாரரைப் பற்றித்தான். கவலைக்கான தோலைத் தைத்துக் கொடுத்தவர், கிணற்றுமேட்டில் மாட்டை முன்னும் பின்னும் ஓட்டிய பண்ணையாள், களத்தில் கதிரடித்தவர் இவர்களில் பெரும்பாலோர் பெயர் அந்தப் பதிவேட்டில் ஏறவில்லை. கணக்கெழுதியவர் கர்ணம், வசூலித்தவர் மணியக்காரர். சீமையிலிருந்து வந்த அதிகாரி ஊருக்குள் பார்த்ததெல்லாம் இவர்கள் கண்ணால்தான். ஏற்கெனவே இருந்த மேல்கீழுக்கு அவர் முத்திரை குத்திக் கொடுத்தார். அந்தப் பரம்பரைக் கர்ணம், மணிய முறை 1980 வரை நம் ஊர்களில் நீடித்தது.

இங்கே இரண்டு தவறுகளிலிருந்து விலகி நிற்க வேண்டும். முதலாவது, வெள்ளையர் வந்துதான் நம்மை நிலமற்றவர்கள் ஆக்கினார்கள் என்பது. பொருளியல் வரலாற்றாசிரியர் தர்மா குமார் 1965இல் வெளிவந்த தம் நூலில், தென்னிந்தியாவில் நிலமற்ற கூலிச் சாதிகள் கும்பினி வரும் முன்பே கணிசமாக இருந்ததை எடுத்துக்காட்டினார். இரண்டாவது, வெள்ளையர் வந்து நம்மை விடுவித்தார்கள் என்பது. 1819இல் சென்னை வருவாய் வாரியம் மாவட்டந்தோறும் அடிமைமுறை பற்றி விசாரித்தது. ஒழிக்கவில்லை. உழைக்கும் ஆளை அவிழ்த்துவிட்டால் தீர்வை நிற்கும் என்ற பயம் அதற்கு இருந்தது. 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் வந்தபோதும், அடிமைத்தனத்தை நீதிமன்றம் ஏற்காது என்றதே தவிர, விடுபட்டவருக்கு ஒரு குழி நிலம்கூடத் தரவில்லை. கடன் என்ற பெயரில் பழைய கட்டு தொடர்ந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வர 1976 ஆனது. இடையில் 133 ஆண்டுகள். அவற்றில் 104 வெள்ளையர் ஆட்சியில், 29 நம்மவர் ஆட்சியில்.

பஞ்சமும் கண்டிச் சீமையும்

மேற்கத்திய அதிகாரத்தின் கொடுமையை அறிய நாம் யாருடைய மேடைக்கும் போக வேண்டியதில்லை. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் நம் மாவட்டத்தைத் துடைத்தெடுத்தது. 1871இல் 19 இலட்சத்துக்கும் மேல் இருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை 1881இல் சுமார் 16 இலட்சமாக இறங்கியது. வளர வேண்டிய பத்தாண்டில் இவ்வளவு சரிவு. பஞ்ச வேலையில் மண் சுமந்தவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று 1877இல் ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்தார். இந்த அளவில் உழைக்கும் உடல் தாங்காது என்று சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். வெள்ளையர் எல்லோரும் ஒரே குரலில் பேசவில்லை என்பதற்கும் இது சான்று. ஆனால் கருவூலத்தின் குரல்தான் முதலில் வென்றது. விதைத்தானியமோ விற்க நகையோ இல்லாதவர்கள் யார்? அவர்கள்தான் முதலில் விழுந்தார்கள்.

பிழைத்தவர்களில் பலர் கங்காணிகளின் பின்னே நடந்தார்கள். இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள் அனுப்பிய மாவட்டங்களில் சேலம் முன்வரிசையில் இருந்தது. போனவர்களில் பெரும்பகுதியினர் பறையர், பள்ளர், அருந்ததியர். 'கண்டிச் சீமை' என்ற சொல் நம் பாட்டிமார் வாயில் அப்படித்தான் ஏறியது. ஊரில் பண்ணையார், தோட்டத்தில் துரை. ஒரு நுகத்திலிருந்து கழுத்தை எடுத்து இன்னொரு நுகத்தில் வைத்தார்கள். 1948இல் இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டம் அந்தத் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. வெள்ளையர் கப்பல் ஏறினால் மட்டும் காலனி காலியாகிவிடாது என்பதை அவர்கள் நமக்கு முன்பே கற்றார்கள்.

நம் முன்னோர் ஏன் சீமைக்கு மனுப் போட்டார்கள்?

இவ்வளவு இருந்தும் நம் முன்னோர் ஏன் வெள்ளையரிடம் மனுக் கொடுத்தார்கள்? இந்தக் கேள்வியை நம் எதிரிகள் குற்றச்சாட்டாகக் கேட்கிறார்கள். நாம் அதை ஆய்வாகக் கேட்போம்.

1893இல் இந்தியாவிலும் ஐ.சி.எஸ். தேர்வு நடத்த வேண்டும் என்று காங்கிரசார் கேட்டார்கள். இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் கூட்டம் கூட்டி, ஆயிரக்கணக்கானோரின் கையொப்பத்தோடு அதை எதிர்த்துப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய பத்திரிகையில் சுதேசி இயக்கத்தைக் கடுமையாக விமர்சித்தார். துரைத்தனம் நீடிப்பதே நம் மக்களுக்கு நல்லது என்று வெளிப்படையாக எழுதினார்.

இன்றைய பாடநூலின் அளவுகோலில் இவை தேசவிரோதம். அவர்கள் நின்ற இடத்திலிருந்து பாருங்கள். தேர்வு இங்கே நடந்தால் யார் தேறுவார்கள்? தேறியவர் எந்தத் தெருவிலிருந்து வருவார்? ஆட்சியராக வந்து நம் மனுவை வாங்கும் கை, நம்மைத் தொட மறுக்கும் கையாக இருக்கும். தூரத்து அதிகாரத்தைக் காட்டி அருகிலுள்ள அதிகாரத்தைக் கட்டுப்படுத்தப் பார்த்தார்கள். அது ஏழைக்குத் தெரிந்த அரசியல். ஊர்ப் பஞ்சாயத்தில் நியாயம் கிடைக்காதவன் தாசில்தாரிடம் போவதைப் போல.

அதனால் கிடைத்ததும் உண்டு. செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் நம் மக்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. மிஷன் பள்ளிகள் கதவைத் திறந்தன. கிடைக்காததும் உண்டு. அந்த நிலத்தைப் பிறர் வாங்கக் கூடாது என்று விதி எழுதிய அரசு, அதைக் காக்க ஆள் வைக்கவில்லை. நிலம் கை மாறியது. நூறாண்டு கழித்து, 1994 அக்டோபர் 10 அன்று, செங்கல்பட்டில் பஞ்சமி நிலம் கேட்டுத் திரண்ட நம் தோழர்கள் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். சுட்டது சுதந்திர நாட்டின் காவல்துறை.

நம் முன்னோர் வெள்ளையரை நம்பியதில் பிழையே இல்லை என்று நான் வாதிடவில்லை. பஞ்சத்தில் செத்தவர்கள் பக்கம் நின்று பார்த்தால் அந்தப் புகழுரைகள் உறுத்தும். உறுத்தட்டும். முன்னோரை வணங்குவதைவிட அவர்களோடு வாதாடுவதுதான் அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

கோரேகாவும் லண்டனும்

இந்தச் சிக்கலைத் தெளிவாகக் கையாண்டவர் அம்பேத்கர். 1818 ஜனவரி 1 அன்று பீமா கோரேகாவில் பேஷ்வாவின் பெரும்படையைக் கும்பினியின் சிறு படை தடுத்து நின்றது. அதில் மகார் வீரர்கள் இருந்தார்கள், அவர்கள் பெயர்கள் அங்குள்ள தூணில் செதுக்கப்பட்டுள்ளன. 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அந்தத் தூண் முன் நின்றார். எதிர்க்கத் தெரியாத மக்கள் நாம் என்ற பொய்யை உடைக்க அந்த நினைவு அவருக்குத் தேவைப்பட்டது. அதே வேளையில், கும்பினிக்காக உயிர் கொடுத்த மகார்களுக்கு 1890களில் அதே வெள்ளை அரசு படையின் கதவை அடைத்தது என்பதும் அவருக்குத் தெரியும்.

1930 நவம்பரில் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அவர் பேசினார். பக்கத்தில் இரட்டைமலை சீனிவாசன் இருந்தார். வெள்ளையர் வருமுன் எங்களால் ஊர்க் கிணற்றில் நீரெடுக்க முடியவில்லை, இப்போது முடிகிறதா என்று அம்பேத்கர் கேட்டார். கோயில், காவல்துறை, இராணுவம் என்று அடுக்கி ஒவ்வொன்றுக்கும் அதே கேள்வியைப் போட்டார். அந்நிய ஆட்சி போய் மக்களாட்சி வர வேண்டும், ஆனால் அதில் எங்கள் பாதுகாப்பு எழுத்தில் இருக்க வேண்டும் என்றார். சீனிவாசனும் இதே வழியில் நடந்தவர்தான். பொதுச் சாலைகளும் கிணறுகளும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இலேயே சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் அவர்.

கோரேகாவில் நின்ற அம்பேத்கரும் லண்டனில் கேட்ட அம்பேத்கரும் ஒருவரே. தூண் முன் அவர் வெள்ளையரை வணங்கவில்லை, லண்டனில் பேஷ்வாவை மன்னிக்கவும் இல்லை. கிணற்றைக் கொண்டு இரு அதிகாரங்களையும் அளந்தார். நம் தோழர் பின்வரிசையிலிருந்து கேட்ட கேள்வியும் அதே அளவுகோல்தான் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நம் சேலத்திலும் இந்த விவாதம் நடந்திருக்கிறது. 1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி சேலம் மாநாட்டில் திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது. வெள்ளையர் கொடுத்த பட்டங்களைத் துறக்க வேண்டும் என்ற அண்ணாவின் தீர்மானமும் அங்கேதான் நிறைவேறியது. மூன்றாண்டுகளில் பெரியார் ஆகஸ்டு 15ஐத் துக்க நாள் என்றார், அண்ணா மாறுபட்டார். ஒரே இயக்கத்துக்குள் இவ்வளவு பெரிய கருத்து வேறுபாட்டுக்கு இடமிருந்தது. யாரும் யாரையும் தேசத்துரோகி என்று சிறைக்கு அனுப்பவில்லை.

இன்றைய வழக்கு

இன்று நிலைமை வேறு. 2018 ஜனவரி 1 அன்று கோரேகாவ் போரின் இருநூறாம் ஆண்டுக்குத் திரண்டவர்கள் தாக்கப்பட்டார்கள். அதையொட்டிய வழக்கில் எழுத்தாளர்களும் வழக்குரைஞர்களும் ஊபா சட்டத்தில் கைதானார்கள். அவர்களில் ஒருவர் திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்டின் பழங்குடி மக்களோடு வாழ்ந்த ஸ்டேன் சுவாமி. 84 வயதில், 2021 ஜூலை 5 அன்று, பிணை கிடைக்காமலே காவலில் இறந்தார்.

கடலுக்கு அப்பாலும் இதே விவாதம்தான். சாதி என்பது வெள்ளையர் கட்டிய கற்பனை, அதைப் பேசுவதே காலனிய மனநிலை என்று ஒரு வாதம் வலுத்து வருகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மூலம் வெள்ளையர் சாதியை இறுக்கினார்கள் என்று ஆய்வாளர்கள் சொன்னதில் உண்மை உண்டு. இறுக்கியவர்கள் என்பதை உண்டாக்கியவர்கள் என்று மாற்றுவது மோசடி. கலிபோர்னியாவில் 2005-2006இலும் பிறகு 2016இலும் பள்ளிப் பாடநூல்களில் சாதியை எப்படி எழுதுவது என்று பெரும் சண்டை நடந்தது. 2001இல் டர்பன் உலக மாநாட்டில் சாதியைப் பேச வேண்டும் என்று நம் தோழர்கள் கேட்டார்கள். இந்திய அரசு எதிர்த்தது.

அப்படியானால் மேற்கு நம் மீட்பரா? 2023 பிப்ரவரியில் சியாட்டில் மாநகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. மகிழ்ந்தோம். அதே ஆண்டு அக்டோபரில், கலிபோர்னியாவின் இரு அவைகளும் நிறைவேற்றிய சாதிப் பாகுபாடு மசோதாவை அம்மாநில ஆளுநர் திருப்பி அனுப்பினார். எந்த அதிகாரமும் நமக்குச் சொந்தக்காரன் அல்ல. மெக்காலேவின் பிறந்தநாளைக் கொண்டாடும் நண்பர்களிடமும் இதைத்தான் சொல்கிறேன். ஆங்கிலத்தைக் கற்போம், அது நம் கருவி. கருவி செய்தவனுக்குக் கோயில் கட்ட வேண்டாம்.

மாணவர்களுக்கு

மாணவ நண்பர்களே, அடுத்த முறை யாராவது "நீ எந்தப் பக்கம்" என்று கேட்டால் கோபப்பட வேண்டாம். அந்தக் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். 1792க்கு முன் இந்த ஊரில் கிணறு யாருடையது? 1792க்குப் பின்? 1947க்குப் பின்? இன்று? நான்குக்கும் விடை எழுதுங்கள். அதுதான் நம் மாவட்டத்தின் வரலாறு.

அதை எழுதும் வேலை உங்களுடையது. வட்டாட்சியர் அலுவலகத்தில் 'அ' பதிவேட்டைப் பாருங்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேளுங்கள். உங்கள் ஊரில் பஞ்சமி நிலம் எது, இன்று யார் கையில் என்று குறித்துவையுங்கள். கண்டிச் சீமைக்குப் போன தாத்தாவின் கதையைப் பாட்டி உயிரோடு இருக்கும்போதே பதிவுசெய்யுங்கள். பொல்லானுக்கு ஏடு இல்லை என்று சொன்னவர்கள் நாளை உங்கள் பாட்டிக்கும் அதையே சொல்வார்கள்.

'காலனி' என்ற சொல் பலகைகளிலிருந்து போகட்டும், நல்லதுதான். ஆனால் பலகையில் பெயரை அழித்த அன்றே ஊர்க் குழாயும் சுடுகாட்டுப் பாதையும் பொதுவாகிவிடாது. அந்தப் பலகைக்குக் கீழே நின்று நம் தோழர் கேட்டதைக் கேளுங்கள்: நம்ம வளவுக்குத் தண்ணி எங்கிருந்து வருது? சரியான விடை வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.